கம்பளி நூலுக்கு வண்ணம்

சாயத் தொழில் தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. சோழமண்டலக் கரையில் சாயவேரைக் கொண்டு பருத்தித் துணிக்குச் செந்நிறம் ஏற்றி, அதனைக் கடல் கடந்த நாடுகளுக்குக் கப்பலில் அனுப்பிய மரபு நம்முடையது. ஆயினும் அம்மரபு பெரிதும் பருத்தியைச் சுற்றியே வளர்ந்தது. அதனால் நம் இல்லங்களில் ஒருவர் கம்பளி நூலைக் கையில் எடுத்துச் சாயம் ஏற்றப் புகும்போது, பருத்தியிடம் கற்ற வழக்கங்களையே அதனிடமும் கையாளுகிறார். கொதிக்கக் காய்ச்சுகிறார்; சலவைச் சோடா இடுகிறார்; முறுக்கிப் பிழிகிறார்; உச்சி வெயிலில் கொடியில் போடுகிறார். பருத்தி இவை அனைத்தையும் பொறுத்துக்கொள்ளும். கம்பளி இவற்றில் ஒன்றையும் பொறுக்காது.

இவ்வெப்ப நாட்டில் கம்பளிக்கு என்ன வேலை என்று நேயர்களுள் சிலர் எண்ணக்கூடும். உதகமண்டலத்திலும் குன்னூரிலும் கொடைக்கானலிலும் குளிர் உண்டு. வடநாட்டிலும் கடல் கடந்தும் வாழும் பிள்ளைகளுக்கும் பேரக் குழந்தைகளுக்கும் பின்னி அனுப்பும் தாய்மார்களும் பாட்டிமார்களும் சமவெளி ஊர்களிலும் உள்ளனர். கடையில் விற்கும் நூலில் தாம் விரும்பிய நிறம் கிடைக்கவில்லை என்பது இவர்களுடைய நெடுநாளைய குறை. அக்குறையை வீட்டு அடுப்பிலேயே தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. ஒரு மேற்சட்டையைப் பின்னி முடிக்கப் பல வாரங்கள் ஆகின்றன. நூலுக்குச் சாயம் ஏற்றுவதோ ஒரு பிற்பகல் வேலை. அந்தப் பிற்பகலில் காட்டும் அவசரம், அந்த வாரங்களின் உழைப்பு முழுவதையும் முதற் சலவையிலேயே பாழாக்கிவிடும். வெள்ளை மார்பின் மீது சிவப்புக் கழுத்துப்பட்டி கசிந்து படர்ந்த சட்டையை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர எவராலும் இயலாது.

முதலில், கையில் இருப்பது கம்பளிதானா என்று அறிந்துகொள்ள வேண்டும். இன்று கடைகளில் 'உல்லன்' என்ற பெயரால் விற்கப்படுவதில் பெரும்பகுதி அக்ரிலிக் என்னும் செயற்கை நூல். அதற்கு நான் கூறப்போகும் முறைகளுள் ஒன்றும் பயன்படாது. சோதனை எளியது. விரல் நீளத் துண்டு ஒன்றை இடுக்கியால் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். கம்பளியானால் முடி பொசுங்கும் நாற்றம் எழும். நெருப்பை விலக்கியதும் தானே அவியும். எஞ்சிய கரி விரலிடையில் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டும். ஆறியபின் கடினமான மணிபோல் உறைந்துவிடும். மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். நூற்கண்டின் சீட்டில் 'சூப்பர்வாஷ்' என்ற சொல் இருந்தால், அது சலவைப் பொறியில் சுருங்காதவாறு பதப்படுத்தப்பட்ட கம்பளி. அது சாயத்தை மிக விரைவாக ஈர்க்கும். ஆனால் ஒருபோதும் இறுகித் திரளாது. பின்னலுக்கு அது ஏற்றது. நமதா செய்ய விரும்புவோர் அதனை வாங்கலாகாது.

நமதா என்று நான் கூறுவது, நெய்யாமலும் தைக்காமலும் உரோமத்தை ஈரமும் வெப்பமும் உராய்வும் கொண்டு இறுக்கிச் செய்யும் தடித்த துணியை. காஷ்மீரத்தில் அதற்கு அப்பெயர். ஆங்கிலத்தில் ஃபெல்ட் என்பர். பின்னிய பை ஒன்றை வெந்நீரில் சுருக்கி இறுக்குவதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

கம்பளியின் இயல்பைச் சிறிது விளக்கினால், செய்முறை எல்லாம் தாமே விளங்கும். பருத்தி செடியின் நார். கம்பளி விலங்கின் உரோமம். நம் தலைமுடியைப் போன்றே அதுவும் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதன் மேற்புறம் மீன் செதில் போன்ற நுண்ணிய செதில்களால் மூடப்பட்டுள்ளது. நீர் சற்றுப் புளித்திருக்கும்போது இப்புரதம் நேர்மின் தன்மை பெறுகிறது. சாயத் துகள்களோ எதிர்மின் தன்மை உடையவை. ஒன்றையொன்று ஈர்த்துப் பற்றிக்கொள்கின்றன. ஆகவே கம்பளிக்கு வேண்டியது புளிப்பு. சலவைச் சோடா போன்ற காரப் பொருள் அதற்கு முற்றும் பகை. எரிசோடாக் கரைசலில் கம்பளியைக் கொதிக்க வைத்தால், சில நிமிடங்களில் அது கரைந்தே போகும். சலவைச் சோடா அவ்வளவு கொடியதன்று. எனினும் நூலைச் சொரசொரப்பாக்கிப் பழுப்பேற்றிவிடும்.

உப்பிட்டால் சாயம் நிற்கும் என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியுள்ளது. அது பருத்திக்குரிய பாடத்தின் மிச்சம். கம்பளியில் உப்பு சாயத்தை நிலைநிறுத்துவதில்லை. அது விரைந்து ஓரிடத்தில் அப்பிக்கொள்ளாமல் சீராகப் பரவ ஓரளவு உதவும், அவ்வளவே. நிலைநிறுத்துபவை புளிப்பும் வெப்பமும் காலமும் ஆகும்.

இக்கலை எவ்வளவு பழமையானது என்பதற்கு ஒரு சான்று கூறலாம். 1949ஆம் ஆண்டில் செர்கெய் ருதென்கோ என்னும் ருஷ்யத் தொல்பொருள் அறிஞர், அல்தாய் மலைப்பகுதியில் பசிரிக் என்னுமிடத்தில் ஒரு கல்லறை மேட்டை அகழ்ந்தார். உள்ளே புகுந்து உறைந்த நீர், ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன் வைக்கப்பட்ட பொருள்களை அழியாமல் காத்திருந்தது. சிவப்பு நிறம் மங்காத கம்பளி விரிப்பு ஒன்றும், ஃபெல்ட்டால் செய்து உள்ளே பொதிந்த அன்னப் பறவை உருவங்களும் அங்கிருந்து வெளிப்பட்டன. சாயமிட்ட நூலும் இறுக்கிய உரோமமும் ஒரே கல்லறையில் அருகருகே கிடந்தன. பனியும் இருளும் அந்நிறத்தைக் காத்தன என்பதையும் மறந்துவிடலாகாது. நம் வீட்டுச் சன்னலோரத்தில் இருந்திருந்தால் அதன் கதை வேறாக இருந்திருக்கும்.

இனிச் செயலுக்கு வருவோம். நூல் உருண்டையாக இருந்தால் உள்ளே சாயம் செல்லாது. அதனை நாற்காலியின் முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நான்கு இடங்களில் பருத்தி நூலால் தளர்வாகக் கட்ட வேண்டும். இறுகக் கட்டினால் கட்டிய இடம் வெள்ளையாகவே நின்றுவிடும். பின்னர் வெதுவெதுப்பான நீரில் சில துளி மென்மையான சோப்புக் கரைசலை விட்டு, அரை மணி நேரமேனும் சிட்டத்தை ஊற வைத்து, அதே சூடுள்ள நீரில் அலச வேண்டும். கம்பளியில் இயல்பாக உள்ள எண்ணெய்ப் பசை நீரை விலக்கும். நன்கு ஊறாத நூலில் நிறம் திட்டுத் திட்டாகவே ஏறும். சாயம் கெட்டது என்று கடைக்காரரைக் குறை கூறுவோருள் பலர், இந்த அரை மணியைத் தவிர்த்தவர்களாகவே இருப்பர்.

பாத்திரம் எவர்சில்வராகவோ, உடையாத எனாமல் பூச்சுடையதாகவோ இருக்கட்டும். இரும்பு நிறத்தைக் கருக்கச் செய்யும், செம்பு பசுமையேற்றும், அலுமினியமும் புளிப்போடு சேர்ந்து வினைபுரியும். சாயத்திற்கென ஒதுக்கிய பாத்திரமும் கரண்டியும் மீண்டும் சமையலுக்கு வரலாகாது.

முதன்முதலாகச் செய்வோர், நம் சமையலறை அலமாரியிலேயே ஒரு நல்ல சாயத்தைக் காணலாம். கேசரிப் பவுடரைத்தான் சொல்கிறேன். உணவிற்கென அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்களுள் பல, வேதியியல் இயல்பில் கம்பளிக்கு ஏற்ற 'அமிலச் சாயம்' என்னும் வகையைச் சேர்ந்தவை. கேசரியில் கை பட்டால் கழுவக் கழுவப் போகாமல் விரல் நகத்தோரம் ஒட்டிக்கொள்ளும் அந்நிறம், கம்பளியிலும் அவ்வாறே ஒட்டிக்கொள்கிறது. தோலும் கம்பளியும் புரதமே அன்றோ! குழந்தைகள் அருகில் இருக்கும் வீட்டில் இதனைக் கொண்டு பழகுவது நன்று. எனினும் உணவு நிறங்கள் வெயிலில் வெளுப்பவை. நீண்ட நாள் உழைக்க வேண்டிய ஆடைக்கு, கம்பளிக்கென்றே விற்கப்படும் அமிலச் சாயத்தூள் மேலானது. அத்தூள் மூச்சில் செல்லாதவாறு மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, கையுறை அணிந்து, முதலில் சிறிது நீரில் குழைத்துக்கொள்ள வேண்டும்.

100 கிராம் நூலுக்கு 3 முதல் 4 லிட்டர் நீர் போதும். நடுத்தரமான நிறத்திற்கு 1 கிராம் சாயத்தூள். இளநிறத்திற்கு கால் கிராம். ஆழ்ந்த நிறத்திற்கு 2 கிராம். இது உலர்ந்த நூலின் எடையைக் கொண்டு கணக்கிடுவது; நீர் கூடினாலும் குறைந்தாலும் சாயத்தின் அளவு மாறாது. கரைத்த சாயத்தை வெதுவெதுப்பான நீரில் கலந்து, ஊறிய சிட்டத்தை அதில் மெல்ல அமிழ்த்துங்கள். அடுப்பைச் சிறிதாக எரியவிட்டு, ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் நீர் 85 டிகிரி செல்சியஸை எட்டுமாறு சூடேற்றுங்கள். இடையில், நீர் நன்றாகச் சூடேறிய பின், சிட்டத்தை ஒருபுறம் தூக்கிக்கொண்டு, வெள்ளைக் காடி மூன்று மேசைக்கரண்டி அளவு ஊற்றுங்கள். நூலின் மீதே காடியை ஊற்றினால் அவ்விடம் மட்டும் சாயத்தை வாரி உண்டுவிடும். பிறகு அதே சூட்டில் அரை மணி முதல் முக்கால் மணி வரை வைத்திருங்கள். அவ்வப்போது மரக்குச்சியால் சிட்டத்தைப் புரட்டிவிடலாம், கலக்கலாகாது.

கொதிக்கவிடலாகாது என்று கூறும்போது மலைவாழ் நேயர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். உதகமண்டலம் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே நீர் 93 டிகிரியை எட்டுமுன்பே கொதித்துவிடும். வேண்டிய சூட்டிற்கும் கொதிப்பிற்கும் இடையே அங்கு இடைவெளி குறைவு. ஆகவே கண்ணை நம்புவதைவிட வெப்பமானியை நம்புவது நலம்.

காடி சேர்ந்த சிறிது நேரத்தில், இவ்வேலையில் நான் மிகவும் விரும்பும் காட்சி தோன்றும். மை போல் இருந்த நீர் வெளுக்கத் தொடங்கும். நூல் மேலும் மேலும் ஆழ்ந்த நிறம் பெறப் பெற, நீர் தெளிந்துகொண்டே வரும். இறுதியில் ஒரு கரண்டி நீரை வெண்ணிறக் கிண்ணத்தில் எடுத்துப் பார்த்தால் அது குடிநீர் போல் இருக்கும். சாயம் முழுவதும் நூலினுள் குடிபுகுந்துவிட்டது என்பதற்கு இதுவே அடையாளம். நீர் தெளியவில்லையானால், சாயம் மிகுந்துவிட்டது அல்லது புளிப்புக் குறைந்துள்ளது. இன்னொரு கரண்டி காடி விட்டுக் கால் மணி பொறுத்துப் பார்க்கலாம்.

பின்னர் அடுப்பை அணைத்துவிட்டு, நூலைப் பாத்திரத்திலேயே ஆறவிடுங்கள். இரவு முழுவதும் இருந்தாலும் கேடில்லை. ஆறிய நூலை அதே வெப்பநிலையுள்ள நீரில் அலசி, உள்ளங்கைகளுக்கிடையே அழுத்தி நீரை வடித்து, துண்டில் சுருட்டி ஒற்றி, நிழலில் உலர்த்த வேண்டும். சூடான நூலைத் தண்ணீரில் போட்டு முறுக்கிப் பிழிந்தால் என்ன ஆகும் என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

செடிகொடிகளிலிருந்து நிறம் எடுக்க விரும்புவோர் இந்நாளில் பெருகி வருகின்றனர். 1856இல் பதினெட்டு வயது இளைஞர் வில்லியம் பெர்க்கின், கொய்னாவைச் செயற்கையாகச் செய்ய முயன்று எதிர்பாராமல் ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டார். 1868இல் கிரேபே, லீபர்மன் என்னும் ஜெர்மானிய அறிஞர் இருவர், சாயவேரிலும் மஞ்சிட்டி வகை வேரிலும் உள்ள அலிசரின் என்ற செந்நிறப் பொருளையே செயற்கையாகச் செய்து காட்டினர். சாயவேரை நம்பியிருந்த நம் கடற்கரை ஊர்களின் தொழில் அதன்பின் நலிந்தது. செயற்கைச் சாயம் இழிந்தது என்று நான் கருதவில்லை; செடிச் சாயம் அனைத்தும் தீங்கற்றது என்றும் கருதவில்லை. பழைய நூல்கள் சில, நிறம் நிற்பதற்குப் பொட்டாசியம் டைகுரோமேட்டையும் வெள்ளீய உப்பையும் சேர்க்கச் சொல்கின்றன. குரோமேட் புற்றுநோய் விளைவிக்கும் நஞ்சு. அதனை வீட்டிற்குள் கொண்டுவரவே கூடாது. நமக்குப் படிகாரம் ஒன்றே போதும்.

சாயத்தை நாரோடு பிணைக்கும் இவ்வகை உப்பை நிறமூன்றி என்பர். 100 கிராம் நூலுக்கு 12 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, நூலை அதில் இட்டு, கொதிக்காமல் ஒரு மணி நேரம் சூடாக வைத்து ஆறவிட்டால், நூல் எந்தச் செடிச் சாயத்திற்கும் ஆயத்தமாகிவிடும். பருத்திக்கு வேண்டிய கடுக்காயும் பாலும் இங்கே வேண்டா. பெரிய வெங்காயத்தின் உலர்ந்த தோலை நூலின் எடைக்குச் சமமாக எடுத்து, ஒரு மணி நேரம் வேகவைத்து வடிகட்டிய நீரில் இந்நூலை இட்டால் பொன்னிறமும் செம்பொன்னிறமும் கிடைக்கும். பூசைக்குப் பின் கழித்த துலுக்கச் செவ்வந்தி மாலைகள் நல்ல மஞ்சளைத் தரும். வேர்ச் சிவப்பை விரும்புவோர் 70 டிகிரிக்கு மேல் சூடேற்றலாகாது. ஏற்றினால் சிவப்பு மங்கிப் பழுப்பாகும். கொம்பரக்கைப் பொடித்து ஊறவைத்த நீர், கம்பளியில் ஆழ்ந்த செந்நிறம் தரும்.

பூச்சியிலிருந்து பெறும் செந்நிறத்தைப் பற்றிப் பேசும்போது சென்னையின் பழைய கதையொன்று நினைவுக்கு வருகிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்னும் மருத்துவர், அமெரிக்கக் கண்டத்துக் கொச்சினீல் பூச்சியை வளர்க்கும் நோக்கத்தோடு சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் அமைத்தார். 1795இல் பிரேசிலிலிருந்து இந்தியாவிற்கு வந்து சேர்ந்ததோ உயர்ந்த சாயம் தரும் இனமன்று. அதன் உறவினமான வேறொரு பூச்சி. அது சாயத்திற்கு உதவவில்லை. சப்பாத்திக்கள்ளியைத் தின்று அழிப்பதில் மட்டும் தேர்ச்சி காட்டியது!

மஞ்சளைப் பற்றித் தனியே கூற வேண்டும். அது நிறமூன்றியின் உதவியின்றியே கண்ணைப் பறிக்கும் நிறத்தைக் கம்பளிக்குத் தருகிறது. அதனால் பலரும் முதலில் அதனையே நாடுகின்றனர். ஆலம் சுற்றும்போது மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்தவுடன் அது செந்நீராக மாறுவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அதே மாற்றம் சட்டையிலும் நிகழும். காரமுள்ள சோப்புப் பட்ட இடமெல்லாம் மஞ்சள் நூல் சிவக்கும். வெயில் பட்ட தோள்பட்டையோ சில வாரங்களில் வெளுக்கும். பொம்மைக்கும் அலங்காரத்திற்கும் மஞ்சளை வையுங்கள். அன்றாடம் அணியும் சட்டைக்கு அது வேண்டா.

இனி, சூடான நூலைத் தண்ணீரில் போட்டு முறுக்கினால் நேர்வதைச் சொல்கிறேன். உரோமத்தின் மேலுள்ள செதில்கள் ஈரத்திலும் வெப்பத்திலும் விரிந்து நிற்கும். அந்நிலையில் நூல் அசைந்து உராய்ந்தால், ஓர் உரோமத்தின் செதில் மற்றொன்றின் செதிலில் மாட்டிக்கொள்ளும். முன்னே நகர்ந்த உரோமம் பின்னே திரும்ப இயலாது. திடீரென்ற குளிர்ச்சி அந்த இறுக்கத்தை மேலும் வலுப்படுத்தும். சிட்டம் முழுவதும் ஒரே கயிறாகத் திரண்டுவிடும். பிரித்தெடுக்க வழியில்லை. சாயம் ஏற்றும்போது நாம் அஞ்சி விலக்கும் இந்நிகழ்ச்சியையே, நமதா செய்வோர் வேண்டி வரவழைக்கின்றனர். பையையோ காலணியையோ பெரிய கண்ணிகளாகத் தளர்வாகப் பின்னி, சோப்பு கலந்த வெந்நீரில் இட்டுப் பிசைந்து தேய்த்தால், கண்ணிகள் மறைந்து, துணி சுருங்கித் தடிக்கும். எவ்வளவு சுருங்கும் என்பது நூலுக்கு நூல் வேறுபடும். ஆகவே 20 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைப் பின்னிச் சுருக்கி அளந்து பார்த்த பின்னரே பையைத் தொடங்க வேண்டும்.

இங்கேதான் சாயமிட்டவரின் பொறுமைக்குச் சோதனை வருகிறது. பின்னிய சட்டையை வெதுவெதுப்பான நீரில் மெல்லத் துவைக்கிறோம். அரைகுறையாக ஏறிய சாயம்கூட அதில் சில காலம் மறைந்து வாழும். நமதா செய்யும் முறையோ வெந்நீர், சோப்பு, உராய்வு மூன்றும் சேர்ந்த மிகக் கடுமையான சலவை. அரைகுறைச் சாயம் அதில் முதல் சில நிமிடங்களிலேயே வெளிவந்துவிடும். அருகிலுள்ள வெள்ளைப் பகுதியில் ஏறியும்விடும். ஆகவே நமதாவிற்குரிய நூலுக்குச் சட்டைக்குரிய நூலைவிடக் கூடுதலான நேரம் கொடுக்க வேண்டும். சோதித்த பின்னரே ஊசியை எடுக்க வேண்டும். சாயமிட்ட நூலையும் வெள்ளைக் கம்பளி நூலையும் சேர்த்துச் சடைபோல் பின்னி, அந்த வேலையில் எவ்வளவு சூடான நீரைப் பயன்படுத்தப்போகிறோமோ அதே சூடுள்ள சோப்பு நீரில் அரை மணி நேரம் போட்டுக் கசக்கி உலர்த்துங்கள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் அச்சமில்லை. சிறிது சாயல் ஏறியிருந்தாலும், சிட்டத்தை மறுபடி காடி நீரில் இட்டு அரை மணி நேரம் சூடாக வைத்திருந்து, மீண்டும் சோதிக்க வேண்டும். வெயிலைத் தாங்குமா என்று அறிய, நூல் துண்டு ஒன்றின் பாதியை அட்டையால் மூடிச் சன்னலில் இரண்டு வாரம் வைத்துப் பார்த்தால் போதும்.

கடைசியாக ஒரு சொல். ஒரு சட்டைக்கு வேண்டிய நூல் அனைத்தையும் ஒரே பாத்திரத்தில் ஒரே வேளையில் சாயமிடுவதே முறை. அடுத்த வாரம் அதே அளவுகளைக் கொண்டு செய்தாலும் அதே நிறம் அமைவது அரிது. செடிச் சாயத்தில் அது அமையவே அமையாது. பாத்திரம் சிறிதாக இருந்து இரண்டு ஈடாகச் செய்ய நேர்ந்தால், முன்புறம் ஓர் ஈடு, முதுகு ஓர் ஈடு என்று பிரித்துப் பின்ன வேண்டா. இரண்டு கண்டுகளையும் அருகில் வைத்துக்கொண்டு, இதில் இரண்டு வரிசை, அதில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னி வந்தால், நிற வேறுபாடு துணியினுள் கலந்து கண்ணுக்குப் புலப்படாமற் போகும்.